அமரர் காசிலிங்கம் விளையாட்டரங்கம்

மரக்காணத்தில் காசிலிங்கத்துக்கு இருந்தது சின்ன உப்பளம்தான். ஆனால் பேர்மேல் அவருக்கிருந்த ஆசை சின்னதில்லை. புகழ், கௌரவம் என்றெல்லாம் அவர் யோசித்தவரல்ல. தன் பேர் பெயிண்டில், பெரிய எழுத்தில், ரோட்டில் போகிறவர்கள் அண்ணாந்து படிக்கிற உயரத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அதுவரை அவர் பேர் இருந்தது ரேஷன் கார்டிலும் கரண்டு பில்லிலும்தான். ஒரு வருஷம் தீமிதித் திருவிழா நோட்டீஸில் தன் பேரைப் போடச் சொல்லி அச்சகத்துக்கு நடையாய் நடந்தார். நோட்டீஸ் வந்தது. மேலே வரிசையாகப் பெரிய மனிதர்கள், அவர்களுக்குக் கீழே ‘மற்றும் ஊர்ப் பொதுமக்கள்’, அதற்கும் கீழே காசிலிங்கம்.

“பொதுமக்கள்லயும் சேராத ஆளு எங்க காசி” என்று அவருடைய பெரியப்பா மகன் செல்லப்பன் டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இருவருக்கும் ஒரே வயது. அடுத்தடுத்த அளம். பங்காளிகள் என்பதால் நல்லது கெட்டதுக்குப் பேசிக்கொள்வார்கள், மற்ற நாட்களில் வரப்புச் சண்டை.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்துபோனது. குப்பங்களில் ஆளும் போனது, படகும் வலையும் போயின. அதில் சிரிப்பதற்கு எதுவும் இல்லை. சிரிப்பு வந்தது அதற்கப்புறம் வந்த தொண்டு நிறுவன ஜீப்புகளால்தான். ஒரு ஜீப் படகு கொடுத்தது, இன்னொன்று வலை கொடுத்தது. தையல் மெஷின் பலபேர் கொடுத்ததில், ஊசியில் நூல் கோக்கத் தெரியாத வீடுகளில்கூட மெஷின் நின்றது. எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்து சேர்ந்தது கரைநிழல் அறக்கட்டளை. கொடுப்பதற்கு அவர்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை. சென்னையில் கூடிப் பேசி, கடலைக் கண்டு பயந்த பிள்ளைகளின் மனசு தேறக் கால்பந்துதான் சரியான மருந்து என்று முடிவெடுத்தார்கள். கால்பந்து என்றால் மைதானம் வேண்டும். மைதானம் என்றால் இடம் வேண்டும்.

அறக்கட்டளையின் உள்ளூர் ஆள் பாலகுரு. திண்டிவனத்துக்காரன், கழுத்தில் எந்நேரமும் அடையாள அட்டை தொங்கும். இடம் தேடி அலைந்தவன் காதில், “இடம் குடுக்கிறவங்க பேரு ஆர்ச்சுல வருமா?” என்று கேட்ட ஒரே குரல் காசிலிங்கத்துடையது.

“வரும்ணே. பெருசாவே வரும்.”

கொடுப்பதாகச் சொன்ன இடம் சேறு ஏறி, சில வருஷமாகவே நல்ல உப்பு எடுக்காத பழைய பாத்திகள். ஆனால் அது காசிலிங்கத்தின் நிலமில்லை. மனைவி அம்சவல்லிக்கு அவள் அப்பா எழுதிவைத்தது.

“நிலம் எங்கப்பா குடுத்தது, பேரு மட்டும் உங்களுதா?” என்றாள் அம்சவல்லி, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே.

“புருஷன் பேரு வேற, பொண்டாட்டி பேரு வேறயா அம்சா?”

“வேற இல்லல்ல? அப்ப என் பேரப் போடுங்க.”

காசிலிங்கம் வெளியே போய் நின்றுகொண்டார். வீட்டில் பேச்சு இல்லாமல், சாப்பாட்டில் ருசி இல்லாமல் சில நாட்கள் போயின. குப்பத்துப் பிள்ளைகள் ரோட்டோரத்தில் கிழிந்த பந்தை உதைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் அம்சவல்லி இறங்கிவந்தாள். “புள்ளைங்களுக்காகக் குடுக்கிறேன். உங்க பேருக்காக இல்ல” என்றாள். காசிலிங்கத்துக்கு முதல் பாதி காதிலேயே விழவில்லை. இரண்டாம் பாதியை அவர் பொருட்படுத்தவில்லை.

பத்திரம் பதிகிற நாளில் பாலகுரு ஜீப்பில் அழைத்துப்போக வந்தான். அம்சவல்லி ஏறிக்கொண்டாள். போட்டோ எடுப்பார்கள் என்று கேள்விப்பட்ட காசிலிங்கம், சட்டையை இஸ்திரிக்காரனிடம் கொடுத்திருந்தார். “நீங்க போங்க, நான் பின்னாடி பஸ்ஸுல வர்றேன்” என்றார். பஸ் வழக்கம்போலத் தன் இஷ்டத்துக்கு வந்தது.

பதிவு அலுவலகத்து வேப்பமரத்தடியில் பாலகுருவின் செல்போன் அடித்தது. அறக்கட்டளையின் இயக்குநர், சென்னையிலிருந்து.

“காசிலிங்கம் வந்துட்டாரா?”

“காசிலிங்கம் லேட் சார்.”

இயக்குநர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது இங்கே கேட்டது.

“ஐயையோ! எப்படிப்பா?”

“பஸ்ஸுதான் சார். மரக்காணம் பஸ்ஸப் பத்திதான் தெரியுமே.”

“அடக் கடவுளே. வீட்டுல?”

“சம்சாரம் வந்துட்டாங்க சார். பக்கத்துலதான் உக்காந்துனு இருக்காங்க. கையெழுத்து போட ரெடி.”

“இந்த நேரத்துலயா?” இயக்குநரின் குரல் கம்மியது. “எவ்வளவு பெரிய மனசு…”

அதோடு சிக்னல் போய்விட்டது. இயக்குநர் நல்ல மனிதர், சட்டென்று கண்கலங்குகிறவர். பஸ் விபத்தில் கணவனைப் பறிகொடுத்த நேரத்திலும் பிள்ளைகள் விளையாட நிலம் எழுதிக்கொடுத்த பெண்ணின் கதையை அவர் வெளிநாட்டு நன்கொடையாளர்களிடம் சொன்னார். அவர்களும் கலங்கினார்கள். வெறும் மைதானம் என்று இருந்தது, கேலரியோடு கூடிய ஸ்டேடியமாக வளர்ந்தது இப்படித்தான்.

முதலில் ஆர்ச் எழுந்தது. மைதானம் பிறகு. பிளான் வேறு ஏதோ ஊருக்குப் போட்டது என்பதால் ஒரு மூலை செல்லப்பனின் பாத்திக்குள் போய்விட்டது. செல்லப்பன் ஒரு சாண்கூட விடமாட்டேன் என்றார். எனவே மைதானத்துக்கு மூன்று மூலைகள்தான் இருந்தன. நாலாவது கொடி செல்லப்பனின் உப்புத்தண்ணீரில் நின்றது. அந்தப் பக்கம் கார்னர் கிடைத்தால், அடிக்கிறவன் முழங்காலளவு தண்ணீரில் நின்று அடிக்க வேண்டும்.

2005 ஆகஸ்டில் திறப்பு விழா. போர்டு சென்னையிலிருந்து துணி சுற்றி வந்தது, சுற்றியபடியே ஆர்ச்சில் ஏறியது. மேடையில் இயக்குநர், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த வயதான வெள்ளைக்கார அம்மா, மாலைகள், சோடா பாட்டில்கள். காசிலிங்கமும் இஸ்திரி போட்ட சட்டையில் மேடையின் ஓரத்து நாற்காலியைப் பிடித்திருந்தார். அவரை யாரும் அறிமுகப்படுத்தவில்லை. ஊரில் எல்லோருக்கும்தான் தெரியுமே என்று விட்டுவிட்டார்கள்போல என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வெள்ளைக்கார அம்மா கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது.

‘அமரர் காசிலிங்கம் நினைவு விளையாட்டரங்கம்.’

கேலரியில் இருந்த சனம் ஆர்ச்சைப் பார்த்தது. பிறகு மேடையைப் பார்த்தது. மறுபடி ஆர்ச்சைப் பார்த்தது. பாலகுருவுக்கு வேர்த்துக் கொட்டியது. அந்த நிமிஷம்தான் அவனுக்கும் விஷயம் புரிந்தது.

காசிலிங்கம் எழுந்து கத்தியிருக்கலாம். ஆனால் அவர் கண்ணை அந்த எழுத்துகளிலிருந்து எடுக்க முடியவில்லை. ஆளுயர எழுத்து. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற பஸ்ஸிலிருந்து படிக்கலாம். கனவில்கூட அவர் இவ்வளவு பெரிதாகத் தன் பேரைப் பார்த்ததில்லை. முன்னால் இருந்த ஒரு சொல்தான் தொண்டையில் மீன்முள்ளாய்க் குத்தியது.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். “அமரர் காசிலிங்கம் ஐயா அவர்களின் ஆன்மா சாந்தியடைய, எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமா நிக்கணும்னு கேட்டுக்கறேன்.”

எல்லோரும் எழுந்தார்கள். காசிலிங்கமும் எழுந்து கைகட்டித் தலைகுனிந்து நின்றார். பக்கத்தில் நின்ற இயக்குநர் மெதுவாகக் கேட்டார்: “உங்களுக்கு அவரு நல்ல பழக்கமா?”

“சின்ன வயசுலருந்து சார்” என்றார் காசிலிங்கம்.

அதற்குள் வெள்ளைக்கார அம்மா அம்சவல்லியைக் கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்திருந்தார். தலை நிறைய மல்லிகையும் நெற்றியில் பெரிய குங்குமமுமாக அம்சவல்லி மூச்சு முட்ட நின்றாள். “எம்மா, அழாதீங்க. எங்க வீட்டுக்காரரு அதோ நின்னு பாத்துனுதான் இருக்காரு” என்று கையை நீட்டிக் காட்டினாள். பாலகுரு ஒரு எழுத்து பிசகாமல் அதை ஆங்கிலத்தில் சொன்னான். அந்த அம்மா வானத்தை அண்ணாந்து பார்த்து இன்னும் அதிகமாக அழுதார்.

பிறகு மேட்ச். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த கோட்டக்குப்பம் அணிக்கும் உள்ளூர்க் குப்பத்துப் பையன்கள் அணிக்கும். கோட்டக்குப்பத்தார் சொந்தக்காரர்கள் துபாயிலிருந்து அனுப்பிய பளபளக்கும் ஜெர்சியில் வந்திருந்தார்கள், கையில் கறுப்பு ரிப்பன் வேறு. அவர்களுடைய கேப்டன் நிஜாமுதீன் மேட்சுக்கு முன் கேலரிப் பக்கம் வந்து, ஓரமாக நின்ற காசிலிங்கத்தின் கையைப் பிடித்தான்.

“நீங்க அவங்க குடும்பமா அண்ணே? பெரிய மனுஷன் அவரு. இந்தக் காலத்துல எவன் நிலம் குடுக்கிறான்? அல்லா அவருக்கு நல்ல எடம் குடுப்பான்.”

“எடம்லாம் நல்லாத்தான் இருக்குது தம்பி” என்றார் காசிலிங்கம். “நாலாவது மூலதான் கொஞ்சம் ஈரமா இருக்குது.”

குப்பத்துப் பையன்கள் படுதோல்வி அடைந்தார்கள். ஆனால் தண்ணீரில் நின்று கார்னர் அடித்த கோட்டக்குப்பத்துக்காரன் வழுக்கி விழுந்தபோது அவர்கள் போட்ட விசில், ஜெயித்தவர்கள் போட்டதைவிடப் பெரியது. கடல் வந்துபோன பிறகு அந்தப் பையன்கள் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று அம்சவல்லி பிறகு பலமுறை சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் பேப்பரில் ஆர்ச்சின் படம் வந்தது. மதியத்துக்குள் இரும்பை கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்த அவர்களுடைய மகள் நிவேதா, மாமனார் மாமியாரோடு ஷேர் ஆட்டோவில் மாலையும் கண்ணீருமாக வந்து இறங்கினாள். கதவைத் திறந்தது காசிலிங்கம். மாமியார் திண்டாடிப்போய் மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் கழுத்திலேயே போட்டுவிட்டாள்.

சாயங்காலம் செல்லப்பன் வந்து வாசலிலேயே நின்றார்.

“டேய் காசி, உள்ள வரலாமா கூடாதா சொல்லு. நீ பாட்டுக்கு அமரர்னு போட்டுக்கின. பங்காளி எனக்குல்ல தீட்டு? இந்த மாசம் கோயிலுக்குப் போறதா வேணாமா?”

“உசுரோட நிக்கிற என்னைப் பாத்து கேக்கிற கேள்வியாடா இது?”

“நீ சொல்ற. ஆர்ச்சு வேற சொல்லுது. நான் யார நம்புறது?”

காசிலிங்கம் பாலகுருவைப் பிடித்து உலுக்கினார். அவன் கெஞ்சினான். “அண்ணே, வெளிநாட்டுல நினைவகம்னு கேட்டுத்தான் கேலரிக்கே பணம் குடுத்திருக்காங்க. இப்பப் போய் நீங்க உயிரோட இருக்கீங்கன்னு எப்படிண்ணே சொல்றது? அவங்க மனசு எவ்ளோ கஷ்டப்படும்!”

“நான் உயிரோட இருந்தா அவங்களுக்குக் கஷ்டமா?”

“கொஞ்ச நாள்ணே. புராஜெக்ட் முடியட்டும். நானே ஏணி போட்டு ஏறி அழிக்கிறேன்.”

அந்த வருஷம் அடித்த மழையில் மைதானம் ஏரியானது. தண்ணீர் வடிந்ததும் பொங்கலுக்கு டோர்னமெண்ட் வைத்தார்கள். காசிலிங்கம் கோபத்தில் போகவே கூடாதென்று இருந்தார். ஆனால் மைக்கில் தன் பேர் கேட்டதும் கால் தானாக நடந்தது. கடைசி வரிசையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

சிறப்பு விருந்தினர்கள் பேசினார்கள். அமரர் காசிலிங்கம் கோபமே அறியாதவர். அமரர் காசிலிங்கம் பங்காளிகளிடம் பாசமானவர். செல்லப்பனே மைக்கைப் பிடித்து, “என் தம்பி மாதிரி ஒருத்தன் இனிமே பொறந்துதான் வரணும்” என்று சொல்லிவிட்டு, கடைசி வரிசையைப் பார்த்துக் கண்ணடித்தார். இயக்குநர் எல்லோருக்கும் மேலே போனார். “தன்னோட அளத்துல வேலை செஞ்ச பெண்கள் கால்ல உப்பு அரிக்குதேன்னு, எல்லாருக்கும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் குடுத்தவர் ஐயா. வெயிலுக்கு ஒதுங்க ஷெட், குடிக்கத் தண்ணித் தொட்டி…”

காசிலிங்கம் அப்படி எதையும் செய்தவரல்ல. ஆனாலும் அவருக்குக் கண் கலங்கியது. உயிரோடு இருக்கிற காசிலிங்கத்தைப் பற்றி இந்த ஊரில் ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. செத்துப்போனவன் கொடுத்துவைத்தவன் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில், அவர் அளத்தில் உப்பு வாருகிற ராசம்மாள் மற்றப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தாள். வெடித்துப் புண்ணான கால்கள் அவளுக்கு. பேச்சில் பணிவு இருந்தது, பார்வையில் இல்லை.

“நேத்து மைக்குல சொன்னாங்க முதலாளி. அந்தக் காசிலிங்கம் எங்களுக்கெல்லாம் பூட்ஸு வாங்கிக் குடுத்தாராம். எங்க கைக்கு வந்து சேரல. உங்ககிட்ட குடுத்து வெச்சாரா?”

“அது சும்மா பேச்சுக்குச் சொல்றது ராசம்மா.”

“அப்டியா? அப்ப அடுத்த மேட்சுல நான் போய் மைக்குல சொல்லிடறேன். அவரு ஒண்ணும் குடுக்கல, நீங்கல்லாம் பொய் சொல்றீங்கன்னு.”

காசிலிங்கம் உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்தார். அம்சவல்லி வெற்றிலையை மென்றபடி, “செத்தவரு மானத்தக் காப்பாத்துங்க” என்றாள்.

அந்த வாரம் புதுச்சேரியிலிருந்து ரப்பர் பூட்ஸ்கள் வந்தன. பங்குனி பிறப்பதற்குள் கீற்று போட்ட ஷெட் ஒன்று எழுந்தது, அதற்கடுத்துத் தண்ணீர்த் தொட்டி. முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார். ஆனால் ஒருநாள் பாத்தி வரப்பில் நின்று, பெண்கள் பூட்ஸ் போட்ட காலோடு உப்பைக் குவிப்பதைப் பார்த்தபோது, இதை முன்னாலேயே செய்திருக்கலாமே என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த டோர்னமெண்ட்டில் பூட்ஸ் பற்றிப் பேச்சு வந்தபோது மட்டும் துண்டைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த அளத்துப் பெண்கள் செல்லப்பனிடம் போய், “உங்களுக்கு எப்ப ஆர்ச்சு கட்டுவாங்க?” என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

2006 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. வார்டு கவுன்சிலருக்குச் செல்லப்பன் நிற்கிறார் என்றதும், ராசம்மாள் கூட்டம் காசிலிங்கத்தை நிற்கச் சொன்னது. போஸ்டரில் பேர் வருமே என்று அவரும் உடனே ஒத்துக்கொண்டார். மனு கொடுக்கப் போனபோது தேர்தல் அதிகாரி வாக்காளர் பட்டியலைப் புரட்டிவிட்டுத் தலையை ஆட்டினார்.

“உங்க பேரு இல்லீங்க. இறந்துட்டீங்கன்னு எடுத்துட்டாங்க.”

“யார் சொன்னது?”

“சரிபார்க்க வந்தவங்க ஆர்ச்சப் பாத்துட்டு எடுத்திருக்காங்க. அவ்ளோ பெருசா எழுதிருக்குதே, வீட்டுல வந்து வேற கேக்கணுமா?”

“நான் உயிரோட நிக்கிறேன் சார்!”

“நிக்கிறீங்க, இல்லன்னு சொல்லல. நீங்கதான் காசிலிங்கம்னு யாராச்சும் சொல்லணும்ல?”

தன் மனுவோடு காத்திருந்த செல்லப்பனை அதிகாரி கூப்பிட்டார். செல்லப்பன் காசிலிங்கத்தைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார்.

“ஜாடை இருக்குது சார். ஆனா எங்க காசி இவ்ளோ நல்ல சட்டையெல்லாம் போட மாட்டான்.”

காசிலிங்கம் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தார். இருவரையும் பிரித்துவிடுவதற்குள் அலுவலகமே கூடிவிட்டது. பட்டியலில் பேரைத் திரும்பச் சேர்க்க மாதங்கள் ஆகும், இந்தத் தேர்தலுக்கு வழியில்லை என்று அதிகாரி கைவிரித்தார். காசிலிங்கம் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். அப்போதுதான் அவருக்கு நிஜமாகவே செத்துப்போனதுபோல் இருந்தது.

கூட வந்திருந்த அம்சவல்லி மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

“என் பேரு இருக்குதா பாருங்க.”

இருந்தது.

“அப்ப எனக்கு ஒரு மனு குடுங்க.”

அந்த ஊர் அப்படி ஒரு பிரச்சாரத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. முன்னால் அம்சவல்லி, பூவும் பொட்டுமாக. அவளுக்குக் குடைச் சின்னம். பக்கத்தில் பூட்ஸ் போட்ட ராசம்மாள் கூட்டம். பின்னால் கைகூப்பியபடி காசிலிங்கம். “அமரர் காசிலிங்கத்தின் துணைவியாருக்கு ஓட்டுப் போடுங்கம்மா” என்று முதல் தெருவிலேயே ராசம்மாள் குரல் கொடுத்துவிட்டாள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாம் ஓட்டும் போட்டார்கள். கோட்டக்குப்பத்திலிருந்து நிஜாமுதீன் தன் அணியோடு ஒரு நாள் வந்து குப்பத்தில் பேசினான். காசிலிங்கத்தைப் பார்த்ததும், “அண்ணே, அவங்க குடும்பத்து ஆளுதானே நீங்க? தைரியமா இருங்க” என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனான்.

அம்சவல்லி நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தாள். செல்லப்பன் சொந்தத் தெருவிலேயே தோற்றார்.

அறக்கட்டளை அதற்கு முன்பே புராஜெக்ட் முடிந்து போய்விட்டது. பாலகுரு வேறு வேலைக்குப் போனான், ஏணி போட்டு ஏற வரவில்லை. பதவியேற்ற வாரத்தில் அம்சவல்லி பெயிண்டரை வரவழைத்து, ஆர்ச்சுக்கு எதிரில் நாற்காலி போட்டுக் கணவனை உட்காரவைத்தாள்.

“எந்தெந்த எழுத்த எடுக்கணும்னு நீங்களே சொல்லுங்க. உங்க இஷ்டம்.”

காசிலிங்கம் ரொம்ப நேரம் மேலே பார்த்தார். உயிரோடு இருக்கிறவனுக்கு யார் மைக்கில் பாராட்டுப் பேசுவார்கள் என்ற யோசனை அவருக்கு வந்திருக்க வேண்டும். “மழ காலம் அம்சா, ஏணி வழுக்கும். பெயிண்டர் பாவம்” என்றார். பெயிண்டரின் கையில் டீயைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அம்சவல்லி அந்த வாரமே செல்லப்பனிடம் போய், தோற்ற மனிதரை உட்காரவைத்துப் பேசி, பாத்தியின் அந்த மூலையை மைதானத்துக்கு விடவைத்தாள்.

இப்போது காலையில் அவர்கள் வீட்டு வாசலில் மனு கொடுக்க வருகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அம்சவல்லி பேரூராட்சிக்கோ மைதானத்துக்கோ போயிருப்பாள். காசிலிங்கம்தான் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுப்பார். டிசம்பரில் ஒருநாள் தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல வெளித்தெருவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். டீயை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த கவுன்சிலரின் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“பாவம், தனி மனுஷியா இவ்ளோத்தையும் இழுத்துக்கினு போறாங்க. வீட்டுக்காரரு இருந்திருந்தா ஒத்தாசையா இருந்திருக்கும்.”

“அவரு இருந்தாலும் டீதான் போட்டுனு இருந்திருப்பாரு” என்ற காசிலிங்கம், “சக்கர போதுமாங்க?” என்று கேட்டார்.